அனிமே ஆங்கில டப்பிங்: யாருடைய குரலைத் தேர்வு செய்வது?

ஜப்பானியக் கார்ட்டூன் படமான அனிமே ஒன்றின் ஆங்கில உரிமையை வாங்குகிற நிறுவனத்தின் கைக்கு வரும்போது படம் முழுதாக முடிந்திருக்கும். ஓவியம், இசை, வாய் அசைவு எதிலும் கைவைக்க முடியாது. மிச்சமிருப்பது வசனமும் அதைப் பேசும் குரலும்தான். வசனம் சரியில்லையென்றால் பதிவு நடக்கும் அன்றைக்குக்கூடத் திருத்திக்கொள்ளலாம். குரல் அப்படியில்லை. பத்து எபிசோட் வெளியான பிறகு 'இவர் சரிப்படவில்லை' என்று தெரியவந்தால் மாற்றவும் முடியாது, சகித்துக்கொள்ளவும் முடியாது. அதனால் டப்பிங்கில் எடுக்கும் முடிவுகளிலேயே ஆள் தேர்வுதான் பெரியது என்று நினைக்கிறேன்.

அந்த முடிவை எடுப்பவர்கள் முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும். ஹாலிவுட் நட்சத்திரத்தை அழைக்கலாம். டப்பிங்கையே தொழிலாக வைத்திருப்பவர்களிடம் கொடுக்கலாம். பாத்திரம் குழந்தை என்றால் நிஜக் குழந்தை, காது கேளாதவர் என்றால் காது கேளாத நடிகர் என்று, வாழ்க்கையிலேயே பாத்திரத்தோடு பொருந்துகிறவரைத் தேடிப் பிடிக்கலாம். ஏற்கெனவே ஒரு டப்பிங் இருக்கிறதென்றால் பழைய குரல்களையே திரும்பக் கூப்பிடுவதா, புதிதாக ஆரம்பிப்பதா என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். நான்கு வழியிலும் அருமையாக அமைந்தவை உண்டு, சொதப்பியவையும் உண்டு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர் என்றால் தொழில்முறை டப்பிங் கலைஞர்கள்தான், அதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. திரைப்படம் என்றால்தான் மற்ற வழிகளுக்கு இடமிருக்கிறது. எந்த வழியில் போனாலும் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது ஒன்று: வசனமே இல்லாத இடத்தில் அந்தக் குரல் எப்படி இருக்கிறது?

பூத்துக்குள் என்ன நடக்கிறது

ஒப்பிடுவதற்கு முன் வேலை நடக்கும் விதம் தெரிய வேண்டும். ஜப்பானில் அனிமே தொடருக்குக் குரல் பதிவு செய்யும்போது அந்த எபிசோடில் வரும் நடிகர்கள் ஒரே அறையில் கூடுவது நெடுநாள் வழக்கம். முன்னால் சில மைக்குகள், பின்னால் உட்கார்ந்து காத்திருக்கும் மற்றவர்கள். தன் முறை வரும்போது எழுந்து போய்ப் பேசிவிட்டு, காலடிச் சத்தம் கேட்காமல் திரும்பி வருவார்கள். ஒருவர் கோபப்பட்டால் அடுத்தவர் அந்தக் கோபத்தைக் காதால் கேட்டுவிட்டுத்தான் பதில் பேசுகிறார்.

ஆங்கில டப்பிங்கில் அந்த வசதி அநேகமாகக் கிடையாது. நடிகர் பூத் என்கிற சின்ன ஒலிப்பதிவு அறைக்குள் தனியாக நிற்கிறார். எதிரே திரை, பக்கத்தில் ஸ்கிரிப்ட், காதில் ஹெட்ஃபோன். ஜப்பானிய வசனம் ஒரு தடவை ஓடும். காட்சி மறுபடி ஓடும்போது மூன்று பீப் கேட்கும். நான்காவது பீப் விழ வேண்டிய இடத்தில் சத்தம் வராது, அங்கே இவர் பேச ஆரம்பிக்க வேண்டும். திரையில் வாய் மூடும்போது இவரும் முடித்திருக்க வேண்டும். எதிராளியின் வசனம் இன்னும் பதிவாகாமலேகூட இருக்கலாம். யாரிடம் பேசுகிறான், எவ்வளவு தூரத்தில் நிற்கிறான், இதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் டைரக்டர் சொல்லித்தான் தெரியும். அலறல், அடிதடிச் சத்தமெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்வார்கள். முதலிலேயே கத்திவிட்டால் தொண்டை போய்விடும், அப்புறம் மெதுவாகப் பேச வேண்டிய வசனத்துக்குக் குரல் இருக்காது.

அனிமேவுக்கே உரிய இன்னொரு சிரமமும் இருக்கிறது. பாத்திரம் தலையைத் திருப்பினால் ஒரு மூச்சு, திடுக்கிட்டால் தொண்டைக்குள் ஒரு சின்ன ஒலி, தரையிலிருந்து எழுந்தால் ஒரு முனகல். ஜப்பானிய நடிகர்கள் இதையெல்லாம் பேச்சுக்குச் சமமாக மதித்துச் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் நடித்துப் பழகியவருக்கு இது தானாக வராது. விட்டுவிட்டால் பாத்திரம் உயிரில்லாத பொம்மையாகத் தெரியும். அப்படியே காப்பியடித்தால் ஆங்கிலம் பேசும் மனிதர் எதற்கு இப்படி மூச்சுவிடுகிறார் என்று தோன்றும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். நட்சத்திரங்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்.

நட்சத்திரங்கள்

1996-இல் ஜப்பானிய அனிமே நிறுவனமான ஸ்டூடியோ ஜிப்லியின் படங்களை வெளிநாடுகளில் வெளியிடும் உரிமை டிஸ்னிக்குப் போனது. அங்கிருந்துதான் பெரிய பெயர்கள் அனிமே டப்பிங்குக்குள் வரிசையாக வர ஆரம்பித்தன. 'பிரின்சஸ் மோனோனோகே'வின் ஆங்கில வடிவம் 1999-இல் வந்தபோது கிளேர் டேன்ஸ், பில்லி கிரடப், மினி டிரைவர், ஜில்லியன் ஆண்டர்சன், பில்லி பாப் தார்ன்டன் எனப் பட்டியல் நீண்டது. ஆங்கில வசனத்தை எழுதியவர் நீல் கெய்மன். ஜப்பானில் வசூல் சாதனை படைத்த அந்தப் படம் அமெரிக்காவில் அந்த வெளியீட்டில் 25 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. குறைந்த தியேட்டர்களில்தான் வெளியானது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் பெயர்களுக்காகவே கூட்டம் வந்துவிடும் என்ற கணக்கு அங்கே பலிக்கவில்லை. 2003-இல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்பிரிட்டட் அவே'யின் ஆங்கில டப்பிங்கில் நாயகி சிஹிரோவுக்குக் குரல் கொடுத்தது டேவி சேஸ் என்ற சிறுமி. அவர் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

வசூலை விடுங்கள், நடிப்புக்கு வருவோம். இந்த வழியின் நல்லதும் கெட்டதும் ஒரே படத்தில் அடுத்தடுத்துத் தெரிய வேண்டுமென்றால் 'கேசில் இன் தி ஸ்கை'யின் டிஸ்னி டப்பிங்கைப் பாருங்கள். சுரங்க ஊரில் வேலை பார்க்கும் சிறுவன் பாஸு. ஜப்பானிய மொழியில் அவனுக்குக் குரல் கொடுத்தவர் மயூமி தனாகா, பின்னாளில் 'ஒன் பீஸ்' லூஃபியாக உலகம் முழுக்கத் தெரிந்தவர். ஆங்கிலத்தில் அன்றைய தொலைக்காட்சி நட்சத்திரம் ஜேம்ஸ் வான் டெர் பீக். அவர் மோசமாக நடிக்கவில்லை. ஆனால் அது இருபது வயதைத் தாண்டிய இளைஞனின் குரல். வானத்திலிருந்து மிதந்து இறங்கும் சிறுமியைப் பாஸு இரண்டு கைகளிலும் தாங்கிக்கொள்ளும் காட்சியில் முகம் ஒரு பையனுடையது, குரல் ஒரு ஆளுடையது. அந்த இடைவெளி படம் முடியும்வரை மூடவே இல்லை. அதே படத்தில் வில்லன் முஸ்காவாக மார்க் ஹாமில் பேசுகிறார். அவரும் நட்சத்திரம்தான். ஆனால் 1992-இலிருந்து பேட்மேன் கார்ட்டூன் தொடரில் வில்லன் ஜோக்கருக்குக் குரல் கொடுத்துக் கொடுத்து, முகம் இல்லாமல் நடிப்பதை ஒரு கலையாகவே பழகியவர். முஸ்கா மரியாதையாகப் பேசப் பேச நமக்கு முதுகு சில்லிடுகிறது.

'ஹவுல்ஸ் மூவிங் கேசில்' வேறு விதமான பாடம். பதினெட்டு வயது சோஃபி சாபத்தால் கிழவியாகிறாள். ஜப்பானில் இரண்டு வயதுக்கும் ஒரே நடிகை, சியேகோ பைஷோ. அப்போது அவருக்கே அறுபதைத் தாண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இளம் சோஃபிக்கு எமிலி மார்ட்டிமர், முதிய சோஃபிக்கு ஜீன் சிம்மன்ஸ் என்று பிரித்தார்கள். இரண்டு பேருமே அருமையான நடிகைகள். ஆனால் இந்தக் கதையில் சோஃபியின் வயது நிலையாக நிற்பதில்லை. அரண்மனையில் அரசவை மந்திரக்காரி சுலிமானின் முன்னால் நின்று ஹவுலுக்காக வாதாடும்போது, பேசப் பேச அவள் முகச் சுருக்கங்கள் மறைகின்றன, முதுகு நிமிர்கிறது. மனதில் துணிவு வரும்போது இளமை வருகிறது, சுலிமானின் ஒரு சொல்லில் மறுபடி முதுமை கவிகிறது. ஒரே குரல் இருந்தால் அந்த மாற்றம் உள்ளிருந்து வரும். இரண்டு குரல் என்றால் ஒட்டுப்போட்ட இடம் காதுக்குத் தெரிந்தே தீரும். அழகான இரண்டு குரல்களைத் தேடியதற்குப் பதில், வயதைக் குரலில் கூட்டிக் குறைக்கத் தெரிந்த ஒரே ஒரு கலைஞரைத் தேடியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சோஃபிக்குச் சாபமிடும் சூனியக்காரியாக லாரன் பேக்கால் பேசுவதைக் கேட்க மட்டும் அந்த டப்பிங்கை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

நட்சத்திரத் தேர்வு முழுதாகக் கைகூடிய இடம் எது என்று கேட்டால் 2023-இல் வந்த 'தி பாய் அண்ட் தி ஹெரான்' என்பேன். நாரையாக வருவது ராபர்ட் பாட்டின்சன். பதிவுக்கு முன்பே தன் ஃபோனில் குரலைப் பேசிப் பதிவு செய்து, பழகிக்கொண்டு வந்தார் என்று விநியோகம் செய்தவர்கள் சொன்னார்கள். படத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும். கரகரப்பும் இளிப்பும் பொருமலுமாக வரும் அந்தக் குரலில் பாட்டின்சனை அடையாளம் காண முடியாது. நாயகன் மஹிதோவுக்கு லூக்கா படோவன் என்ற இளைய நடிகரை வைத்ததும் சரியான முடிவு. நடுவில் சலனமில்லாத ஒரு பையனின் குரல், அவனைச் சுற்றி விசித்திரமான ஜீவன்களாக நட்சத்திரங்கள்.

ஜிப்லியின் ஜப்பானியப் பதிப்புகளிலேயே தொழில்முறை அல்லாதவர்கள் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசினார்கள். 'டோட்டோரோ'வில் அப்பாவாகப் பேசியவர் எழுத்தாளர் ஷிகெசாதோ இதோய். 2013-இல் வந்த 'தி விண்ட் ரைசஸ்' நாயகனுக்குக் குரல், 'எவாங்கெலியன்' என்ற அனிமே தொடரின் இயக்குநர் ஹிடேயாகி அன்னோ. ஆனால் அங்கே தேடியது மெருகேறாத, வீட்டில் பேசுவது போன்ற ஒரு குரலை. விளம்பரத்தில் போட ஒரு பெயரைத் தேடுவதிலிருந்து அது ரொம்ப தூரம்.

தொழில்முறை டப்பிங் கலைஞர்கள்

இந்த வழிதான் மிகப் பழையது. 1963-இல் 'அஸ்ட்ரோ பாய்' அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தபோது நியூயார்க்கில் ஒரு சின்னக் குழுதான் எல்லாப் பாத்திரங்களையும் பங்குபோட்டுக்கொண்டது. அஸ்ட்ரோவாகப் பேசியவர் பில்லி லூ வாட். 1967-இல் 'ஸ்பீட் ரேசர்' வந்தது. பீட்டர் ஃபெர்னாண்டஸ் ஆங்கில வசனமும் எழுதி நாயகனாகவும் பேசினார். கோரின் ஓர் நாயகியாகவும் பேசினார், நாயகனின் குட்டித் தம்பியாகவும் பேசினார். பணம் குறைவு, நேரம் அதைவிடக் குறைவு. அந்த நெருக்கடியில்தான் இந்தத் தொழிலே உருவானது.

இன்றைக்கு லாஸ் ஏஞ்சலஸ், டெக்சஸின் டல்லஸ் மற்றும் ஹூஸ்டன், நியூயார்க், கனடாவின் வான்கூவர் என்று சில ஊர்களில் இந்தக் கலைஞர்கள் இருக்கிறார்கள். இவர்களின் உச்சம் என்று நான் சொல்வது 'கௌபாய் பிபாப்'. மேரி எலிசபெத் மெக்லின் டைரக்ட் செய்தது. 2001 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அடல்ட் ஸ்விம் என்ற இரவுநேரக் கார்ட்டூன் ஒளிபரப்பு தொடங்கிய முதல் இரவிலேயே ஒளிபரப்பானது. நாயகன் ஸ்பைக்காக ஸ்டீவ் ப்ளம், அவன் கூட்டாளி ஃபேயாக வெண்டி லீ. கடைசி எபிசோடில் ஸ்பைக் சாவை நோக்கிக் கிளம்பும்போது ஃபே வழிமறிக்கிறாள். ஸ்பைக் அவள் முகத்துக்கு நேரே குனிந்து தன் கண்ணைப் பார்க்கச் சொல்கிறான். ப்ளம் அங்கே குரலை உயர்த்துவதே இல்லை. சலிப்பும் முடிவெடுத்துவிட்ட நிம்மதியும் கலந்து, கிட்டத்தட்டக் கதை சொல்லும் தொனியில் பேசுகிறார். அவன் நடக்க ஆரம்பித்த பிறகு ஃபே கூரையை நோக்கிச் சுடுகிறாள். அவளுக்கு வசனமே இல்லாத அந்த நொடிகளில் வெண்டி லீயின் மூச்சைக் கேளுங்கள். நடிகர்கள் பெரும்பாலும் தனித்தனியாகப் பதிவு செய்கிற இந்தத் தொழிலில், இரண்டு பேர் ஒரே நடைபாதையில் நிற்கிறார்கள் என்று நம்மை நம்பவைப்பது சாதாரண விஷயம் இல்லை.

இவர்கள் பக்கம் இருக்கும் இன்னொரு பலம் வேகம். முன்பெல்லாம் ஜப்பானில் வந்த தொடர் ஆங்கிலத்தில் வர ஒரு வருடம், இரண்டு வருடம்கூட ஆகும். 2014-க்குப் பிறகு ஜப்பானிய ஒளிபரப்புக்குச் சில வாரங்களிலேயே டப்பிங் வர ஆரம்பித்தது. கதை எப்படி முடியும் என்று தெரியாமலே நடிகர் பேசுகிறார். மூன்றாவது எபிசோடில் சாதாரணமாகச் சொன்ன ஒரு வசனம் பதினோராவது எபிசோடில் பெரிய பொய்யாக மாறலாம். இந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை வசனம் என்று முடித்துத் தருவது பழகிய கைகளால்தான் முடியும். 2020 கொரோனா காலத்தில் ஸ்டூடியோக்கள் மூடியபோது வீட்டு அலமாரிக்குள் மைக்கை வைத்துக்கொண்டு தொடர்களைக் கரைசேர்த்தவர்களும் இவர்கள்தான்.

குறை என்ன? ஒரே குரல் திரும்பத் திரும்பக் காதில் விழுவது. கிறிஸ்டோபர் சபாட் 'டிராகன் பால் ஸீ'யில் வெஜீட்டா, அதே தொடரில் பிக்கலோ, 'ஒன் பீஸி'ல் ஸோரோ, 'மை ஹீரோ அகடெமியா'வில் ஆல் மைட். அவர் பெரிய கலைஞர், அதில் சந்தேகமில்லை. ஆனால் டெக்சஸில் பதிவாகும் தொடர்களை நிறையப் பார்ப்பவருக்குப் புதுப் பாத்திரம் வாயைத் திறந்ததுமே இன்னொரு பாத்திரத்தின் முகம் வந்து நிற்கும். இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு: நாயகனுக்குப் புதுக்குரல், அவனைச் சுற்றி அனுபவசாலிகள். பல ஸ்டூடியோக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன என்பது என் வருத்தம்.

நிஜமாகவே பொருந்துகிறவர்கள்

குழந்தைப் பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். 'டோட்டோரோ'வின் ஜப்பானியப் பதிப்பில் அக்கா சத்சுகி, தங்கை மெய் இருவருக்கும் குரல் கொடுத்தவர்கள் வளர்ந்த பெண்கள், நொரிகோ ஹிடாகாவும் சிகா சகமோட்டோவும். 2006-இல் வெளியான டிஸ்னி டப்பிங்கில் டகோட்டா ஃபேனிங், எல் ஃபேனிங். நிஜ வாழ்விலும் அக்கா தங்கை. அம்மா வீட்டுக்கு வர மாட்டாள் என்று தெரிந்ததும் அக்காவும் தங்கையும் சண்டைபோட்டு, மெய் வாய்விட்டு அழும் காட்சியில் எல்லின் அழுகையில் நடிப்புப் பயிற்சியின் சாயலே இல்லை. இங்கே ஆங்கில டப்பிங் மூலத்துக்கு ஒரு படி கிட்டேயே போய்விட்டது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் குழந்தைக்கு வயது ஏறும். 2003-இல் வந்த 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'டில் அல்ஃபோன்ஸ் எல்ரிக் பெரிய இரும்புக் கவசத்துக்குள் சிக்கிய சிறுவன். அவனுக்கு ஏரன் டிஸ்மியூக் என்ற சிறுவனையே டெக்சஸில் தேர்ந்தெடுத்தார்கள். ஏழடிக் கவசத்துக்குள்ளிருந்து உடையாத ஒரு பிள்ளைக் குரல் வரும்போது கதையின் சோகம் முழுக்க அதிலேயே இறங்கிவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை ஆங்கில டப்பிங்கின் மிக நல்ல தேர்வுகளில் அது ஒன்று. பிறகு அதே கதையை வைத்து 'பிரதர்ஹுட்' என்ற புதிய தொடர் வந்தது. அதற்குள் ஏரனின் குரல் உடைந்து கனத்துவிட்டது. அல்ஃபோன்ஸ் மேக்ஸி வைட்ஹெட் என்ற நடிகைக்குப் போனான். ஜப்பானில் இந்தப் பிரச்சினையே வரவில்லை, இரண்டு தொடரிலும் ரியே குகிமியாதான்.

நீண்ட தொடர்களில் பையன்களுக்குப் பெண்கள் குரல் கொடுப்பதன் காரணம் இதுதான். நருட்டோவுக்கு ஜப்பானில் ஜுன்கோ தாகேயுச்சி, ஆங்கிலத்தில் மெய்லி ஃப்ளானகன். லூஃபிக்கு 2007-இலிருந்து காலீன் கிளிங்கன்பியர்ட். அந்தத் தொடர் ஆயிரம் எபிசோடைத் தாண்டிவிட்டது. அத்தனைக்கும் சலிக்காமல் சிரித்துக் கத்தி அழ எந்தப் பையனாலும் முடியாது.

குழந்தையைத் தாண்டியும் இந்த வழி போகிறது. 'எ சைலன்ட் வாய்ஸ்' படத்தின் நாயகி ஷோகோவுக்குக் காது கேட்காது. ஜப்பானில் சவோரி ஹயாமி மிகுந்த அக்கறையோடு அந்தப் பேச்சைக் கற்றுச் செய்திருந்தார். ஆங்கிலத்தில் லெக்ஸி மார்மன் என்ற காது கேளாத நடிகையையே தேர்ந்தெடுத்தார்கள். ஷோகோ ஓரிடத்தில் சைகையை விட்டுவிட்டுத் தன் வாயாலேயே மனதில் இருப்பதை நாயகன் ஷோயாவிடம் சொல்லப் பார்க்கிறாள். அவனுக்குப் புரியவில்லை. மறுபடி முயல்கிறாள். வெட்கமும் பிடிவாதமும் சேர்ந்து வரும் அந்தக் குரலில் எதையும் போலிசெய்ய வேண்டியிருக்கவில்லை. பூத்தில் பீப்பை நம்பி வேலை பார்க்கும் ஒரு தொழிலில் காது கேளாத ஒருவரை வைத்துப் பதிவு செய்ய முடியாது என்று சொல்லித் தட்டிக்கழிப்பது சுலபம். முடியும் என்று செய்துகாட்டிவிட்டார்கள். இனி இப்படிப்பட்ட பாத்திரம் வந்தால் முதலில் அப்படிப்பட்ட நடிகரைத் தேடிப் பார்ப்பதுதான் முறை.

இனம், வம்சாவளி சார்ந்த பொருத்தமும் 2020-க்குப் பிறகு அதிகம் பேசப்படுகிறது. 'சுஸுமே'யின் ஆங்கில நாயகி நிக்கோல் சகுராவின் தாய் ஜப்பானியர். இதுவரை அழைக்கப்படாதவர்களுக்கு ஆடிஷன் கதவைத் திறந்துவிடுவது நல்லதுதான். எல்லாப் பாத்திரத்துக்கும் அதையே கட்டாய விதியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அனிமே பாத்திரங்களில் பெரும்பாலோர் ஜப்பானியர்கள்தானே.

பழைய குரலா, புதுக் குரலா

இது உணர்ச்சிமயமான விஷயம். ரசிகருக்கு முதலில் கேட்ட குரல்தான் அந்தப் பாத்திரம். 2006-இல் போகிமான் தொடரின் ஆங்கிலத் தயாரிப்பு கைமாறியபோது நாயகன் ஆஷுக்கு வெரோனிகா டெய்லர் போய் சாரா நடோசென்னி வந்தார். எதிர்ப்பு பலமாகவே இருந்தது. ஆனால் சாரா அந்தப் பாத்திரத்தைப் பதினாறு பதினேழு வருடம் சுமந்தார். இன்றைய இளைஞர்களில் பலருக்கு அவர்தான் ஆஷ். இதில் கவனிக்க வேண்டியது ஆஷுடன் வரும் பிகாச்சு. ஆங்கிலப் பதிப்பிலும் அதற்கு ஜப்பானிய நடிகை இகுயே ஒதானியின் குரலையே வைத்துக்கொண்டார்கள். தன் பெயரைத் தவிர வேறு எதுவும் பேசாத ஒரு ஜீவன், எல்லா உணர்ச்சியும் ஏற்ற இறக்கத்தில்தான். அப்படிப்பட்ட குரலுக்கு மாற்று கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தயாரிப்பாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

புதியவரிடம் பழையவரைப் போலவே பேசச் சொல்வதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. 'டிராகன் பால் ஸீ' முதலில் வான்கூவரில் டப் ஆனது. 1999-இல் வேலை டெக்சஸுக்கு வந்தபோது நாயகன் கோகுவாகப் பேசிய ஷான் ஷெம்மலும் வெஜீட்டாவாகப் பேசிய சபாட்டும் முந்தைய நடிகர்களின் தொனியையே பின்பற்ற வேண்டியிருந்தது. ஆரம்ப எபிசோடுகளைக் கேட்டால் வெஜீட்டாவின் குரலில் அந்த இறுக்கம் நன்றாகத் தெரியும். தொண்டையை நசுக்கிக்கொண்டு யாரோ ஒருவரைப் போலப் பேசுகிறார். போகப் போகத்தான் இருவரும் தங்கள் சொந்தக் குரலுக்கு வந்து சேர்ந்தார்கள். 2010-இல் 'டிராகன் பால் ஸீ கை' என்ற திருத்திய பதிப்புக்கு மறுபடி பேசியபோது அதே காட்சிகள் எவ்வளவு மேலானதாக இருந்தன என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எவாங்கெலியன் இதற்கு நேர் எதிர். தொண்ணூறுகளில் ஹூஸ்டனில் செய்த டப்பிங்கில், ராட்சத ரோபோவை ஓட்டும் சிறுவன் ஷின்ஜியாக ஸ்பைக் ஸ்பென்சர், அசுகாவாக டிஃபனி கிரான்ட். 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது குரல்கள் அத்தனையும் புதிது. ரசிகர்கள் கொதித்தார்கள். என் காதுக்குக் கேசி மொங்கில்லோவின் ஷின்ஜி, மெகுமி ஒகாதாவின் மெல்லிய, உடைந்துபோகிற மாதிரியான மூலக் குரலுக்கு நெருக்கமாக இருக்கிறது. ஸ்பென்சரின் ஷின்ஜியிடம் வேறொன்று இருக்கிறது, அழுகையும் கோபமும் அடக்க மாட்டாமல் பீறிடும் ஒரு அசிங்கமான உண்மை. இரண்டில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், ரோபோவுக்குள் அவன் அலறும் காட்சிகளுக்காக ஸ்பென்சரைத்தான் சொல்வேன். 2021-இல் கடைசித் திரைப்படத்துக்கு அவரும் டிஃபனி கிரான்ட்டும் திரும்பி வந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து அதே மனிதர்கள் அதே பிள்ளைகளுக்கு விடைகொடுப்பதைக் கேட்கும்போது கிடைக்கும் கனத்தை எந்தப் புதுத் தேர்வாலும் தர முடியாது.

நான் தேர்வு செய்வதாக இருந்தால்

பன்னிரண்டு எபிசோடைத் தாண்டும் தொடருக்கு டப்பிங் கலைஞர்கள்தான், அதில் பையன்களுக்குப் பெண்கள். தனித் திரைப்படத்தில் குழந்தை நாயகன் என்றால் நிஜக் குழந்தை. சின்னக் குழந்தையால் ஸ்கிரிப்டை வேகமாகப் படிக்க முடியாது, டைரக்டர் ஒவ்வொரு வரியாகச் சொல்லித் திரும்பச் சொல்லவைக்க வேண்டும், அதற்குக் கூடுதல் நாட்களை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். நட்சத்திரத்தை நாயகனுக்கு வைக்க மாட்டேன். மனிதரல்லாத பாத்திரம், வில்லன், விசித்திரமான கிழவி என்று குரலை வளைக்க இடமிருக்கும் வேடங்களுக்கு அழைப்பேன், அதுவும் அவர் ஆடிஷனுக்கு வரச் சம்மதித்தால்.

ஆடிஷனில் எல்லோரும் கொடுப்பது நாயகன் சபதம் எடுக்கும் வசனத்தைத்தான். அதை யாரும் ஓரளவு பேசிவிடுவார்கள். நான் கொடுப்பது மூன்று: தூங்கி எழுந்து ஒன்றும் புரியாமல் முழிக்கும் ஒரு காட்சி, வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசும் ஒரு வரி, எதிராளி பேசுவதைக் கேட்டுக்கொண்டு வெறுமனே நிற்கும் அரை நிமிடம். மூன்றாவதில் யார் உயிரோடு இருக்கிறாரோ அவருக்குத்தான் வேடம்.

கடைசியாகச் சம்பளம். கலையைப் பற்றிய பேச்சில் இதை எதற்கு இழுக்கிறாய் என்று கேட்காதீர்கள், ஆள் தேர்வு நிலைப்பதும் கலைவதும் இதில்தான். 'ஜுஜுட்சு கைசென் 0' உலக அளவில் 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதில் ரிகாவாகப் பேசிய அனைரிஸ் கின்யோனெஸ் தனக்குக் கிடைத்தது 150 டாலர் என்று 2022-இல் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டு 'மாப் சைக்கோ 100'இன் மூன்றாவது சீசன் வந்தபோது நாயகன் மாப்பின் குரல் மாறியது. முதல் இரண்டு சீசனிலும் பேசிய கைல் மெக்கார்லி, எதிர்காலத் தயாரிப்புகளுக்கான தொழிற்சங்க ஒப்பந்தம் பற்றி அமெரிக்க நடிகர்களின் எஸ்ஏஜி-ஆஃப்ட்ரா சங்கத்தோடு உட்கார்ந்து பேசவாவது, தொடரை வெளியிட்ட கிரன்ச்சிரோல் நிறுவனம் சம்மதிக்க வேண்டும் என்று கேட்டார். அது நடக்கவில்லை, அவர் திரும்பவில்லை. உணர்ச்சியை அடக்கி அடக்கி வைத்திருந்த மாப் கடைசியில் மனம் திறக்கும் சீசன் அது. இரண்டு சீசனாகக் காத்திருந்தவர்கள் அதை வேறொருவர் குரலில் கேட்டார்கள். புதிதாக வந்த எர்னஸ்டோ ஜேசன் லீப்ரெக்ட் மீது ஒரு குறையும் இல்லை. ஒரு தொடரைக் கையில் எடுக்கும்போதே, முதல் சீசனின் ஆடிஷனுக்கு ஆள் கூப்பிடுவதற்கு முன்பே, அடுத்த சீசன்களுக்கான சம்பளத்தையும் சங்கத்தோடு பேச வேண்டியதையும் பேசி முடித்து எழுத்தில் வாங்கிவிட வேண்டும். என் பட்ஜெட்டில் நட்சத்திரத்துக்கென்று ஒதுக்கிய பணம் ஏதாவது இருந்தால் அதை எடுத்து இங்கேதான் போடுவேன்.